கோழி, பன்றிகளின் தீவனமும் நலமும்

நம் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களுள், நெசவையோ உழவையோ பிரதானத் தொழிலாகக் கொண்டு, உபதொழிலாகக் கோழியும் பன்றியும் வளர்ப்போர் பலர் உளர். தறி நின்ற நாட்களிலும் மழை பொய்த்த பருவங்களிலும் குடும்பத்துக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இச்சிறு வருமானமே. இவர்களது வரவு செலவைப் பார்க்குமிடத்து ஒன்று புலனாகின்றது. செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை தீவனத்திற்கே போய்விடுகின்றது. ஆகவே செலவைச் சுருக்க எண்ணுவோர் முதலில் கை வைப்பதும் தீவனத்திலேதான். மலிவாகக் கிடைத்த பிண்ணாக்கு, நனைந்து விலை இறங்கிய மக்காச்சோளம், கடையில் தேங்கிப் புளித்த தவிடு யாவும் கொட்டகைக்கு வந்து சேருகின்றன. சில வாரங்கள் சென்றபின் மருந்துச் செலவு ஏறுகின்றது. இவ்விரு செலவுகளும் கணக்குப் புத்தகத்தில் வெவ்வேறு தலைப்புகளின்கீழ் எழுதப்படுவதால், ஒன்றுக்கு மற்றொன்று காரணமாய் இருப்பது எளிதில் கண்ணிற் படுவதில்லை. அத்தொடர்பை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது, முக்கியமாகச் சங்கத்தின் மூலம் கூட்டாகத் தீவனம் கொள்முதல் செய்ய முற்படும் இக்காலத்தில், மிகவும் அவசியமாகும்.

ஜாவாத் தீவின் கோழிகள்

கோழித் தீவனத்தைப் பற்றிய ஆராய்ச்சி மனித குலத்துக்கே பேருதவியாய் முடிந்த வரலாறு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவில் பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் சிறைக்கைதிகளையும் வாட்டி வந்தது. கிருமியினால் வருவதென்றே எல்லோரும் நம்பினர். கிறிஸ்தியான் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், பட்டேவியா நகரில் (இன்றைய ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆராய்ச்சிக் கூடத்தில் கோழிகளை வைத்து அக்கிருமியைத் தேடினார். 1889ஆம் ஆண்டில் அவருடைய கோழிகள் கால் தளர்ந்து, நடை தடுமாறி, எழ இயலாமல் விழுந்தன. வியப்பு யாதெனில், நோய்ச்சரக்குச் செலுத்தப்பட்ட கோழிகளைப் போலவே, ஒன்றும் செலுத்தப்படாத கோழிகளும் விழுந்தன. சில மாதங்களில் எஞ்சியவை தாமே தேறின.

விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. கோழிகள் நோயுற்றிருந்த காலத்தில் அவற்றுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. பின்னர் சமையற்காரர் மாறினார். புதியவர், ராணுவத்தாருக்கென வந்த அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி வந்தது. கோழிகளும் எழுந்து நடந்தன. விதியைக் கண்டிப்பாய்ப் பின்பற்றும் சமையற்காரர் ஒருவரால் விஞ்ஞானம் முன்னேறிய அபூர்வ சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று. தவிட்டில் ஏதோ இருந்தது. தீட்டும்போது அது போய்விட்டது. எய்க்மனுக்குப் பின் அங்கே பணியாற்றிய கிரைன்ஸ் என்பார், உணவில் இன்றியமையாத பொருளொன்று குறைவதே நோய்க்குக் காரணம் என்று 1901இல் எடுத்துரைத்தார். 1926இல் யான்சன், டோனாத் என்னும் இருவர் அப்பொருளை அரிசித் தவிட்டிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதனையே இன்று தயமின் என்றும் பி1 உயிர்ச்சத்து என்றும் வழங்குகிறோம். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் உண்ட குஞ்சுகள் இரத்தம் கசிந்து மடிவதைக் கண்டு, கே உயிர்ச்சத்தைக் கண்டறிந்ததும் கோழியின் உதவியாலேயே.

இவ்வரலாறு நமக்குப் பயன்படுவது எவ்வாறெனில், கொட்டகையில் நோய் தோன்றியதும் ஊசியையும் மாத்திரையையும் தேடுமுன், அண்மையில் தீவனம் மாறியதா, எந்த மூட்டையிலிருந்து எடுத்தோம், அது எத்தனை நாள் பழையது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். தவிட்டைப் பற்றியே ஒன்று சொல்லலாம். எண்ணெய் நீக்காத தவிடு சத்து மிகுந்ததாயினும் விரைவில் காறல் வாடை ஏறும். காறிய எண்ணெய், தீவனத்திலுள்ள ஈ உயிர்ச்சத்தை அழித்துவிடும். ஆதலின் ஆலையிலிருந்து வந்த தவிட்டை மாதக்கணக்கில் சேமித்து வைப்பது வீண்.

பிண்ணாக்கில் மறைந்த நஞ்சு

தீவனத்தில் இருக்க வேண்டியது இல்லாமற் போவதைக் கண்டோம். இருக்கக் கூடாதது புகுந்துவிடுவதே நம் நாட்டில் அதனினும் பெரிய துன்பம். இப்பகுதியை அங்கத்தினர்கள் நிதானமாய்ப் படிக்க வேண்டுகிறேன்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. இரை எடுக்காமல் சோர்ந்து, இறக்கை தொங்கி, ஒரு வாரத்துக்குள் இறந்தன. கல்லீரல் கெட்டிருந்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை. பெயர் தெரியாத நோயாகையால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அதைக் குறிப்பிட்டனர். வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. துருவி ஆராய்ந்ததில், இறந்தவையெல்லாம் பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்குக் கலந்த தீவனத்தை உண்டவை என்பது தெரிந்தது. அப்பிண்ணாக்கில் 'ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூசணம் வளர்ந்து நஞ்சு ஒன்றைக் கக்கியிருந்தது. பூசணத்தின் பெயரிலுள்ள எழுத்துகளைச் சேர்த்தே அந்நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயரிட்டனர்.

இப்பூசணம் அயல்நாட்டுச் சரக்கன்று. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடமெல்லாம் அதற்கு வீடு. நம் நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை யாவற்றிலும் வளரும். கடலை முற்றும் தறுவாயில் வறட்சி தாக்கினால் வயலிலேயே காய்க்குள் புகுந்துவிடும். பிடுங்கிய கடலையைக் குவித்து வைத்து மழையில் நனைய விட்டால் பின்னர் கேட்க வேண்டியதில்லை. ஆகவே இந்நஞ்சைப் பொறுத்தவரை, கடலை பயிரிடும் அங்கத்தினரும் கோழி வளர்க்கும் அங்கத்தினரும் ஒரே பிரச்சினையின் இரு முனைகளில் நிற்கின்றனர். வயலில் ஒருவர் காயவைக்கத் தவறியது மற்றொருவரின் கொட்டகையில் சாவாகத் தெரிகின்றது. ஒரே சங்கத்தில் இருவரும் இருப்பது இவ்விடத்தில் ஒரு நல்வாய்ப்பு என்றே கருதுகிறேன்.

இதன் கொடுமை, நஞ்சு மிகுந்தால் கோழி உடனே சாவதில் அன்று. குறைந்த அளவில் நாள்தோறும் உண்ணும்போது வெளியே ஒன்றும் தெரியாமல் இருப்பதில்தான். இரை எடுக்கும், ஆனால் நிறை ஏறாது. முட்டை மெல்லக் குறையும். கல்லீரல் வெளிறி வீங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றிவிடும். அந்நிலையில் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்டாலும் உடல் அதற்குரிய பலனைத் தராது. பிறகு கோழிகள் மாளும்போது, பழி தடுப்பூசியின் மேலும், போட்டவரின் மேலும் விழும். பிண்ணாக்கு மூட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை. பன்றிகளுக்கும் இதே கதிதான். கறவை மாடு இத்தீவனத்தை உண்டால் நஞ்சின் மாற்றுருவம் பாலிலும் வந்து சேரும். மனிதருக்குக் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கவல்லது இது என்பதும் ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

கோழித் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1 என்னும் வகை கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். அதாவது ஒரு சிட்டிகை உப்பிலும் மிகக் குறைவு. இவ்வளவு நுட்பமான நஞ்சைக் கண்ணாலோ மூக்காலோ அறிய இயலாது. பச்சையாகப் பூசணம் தெரியாத சரக்கிலும் நஞ்சு இருக்கக்கூடும். பூசணத்தைத் தட்டி உதறிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். பூசணம் போகும், நஞ்சு தங்கும். கொதிக்க வைப்பதாலும் வறுப்பதாலும் அது முற்றும் அழிவதில்லை. பென்டோனைட் போன்ற சில களிமண் வகைகளைத் தீவனத்திற் கலந்தால், அவை குடலில் நஞ்சைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறுகின்றன. இது நல்ல உபாயமே. எனினும் கெட்ட சரக்கைத் துணிந்து வாங்குவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

எனவே தடுப்பதொன்றே வழி. மக்காச்சோளத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 12க்கு மேற்படாமலும், தோலுடன் கூடிய கடலையில் 8க்கு மேற்படாமலும் காயவைத்த பின்னரே சாக்கில் கட்ட வேண்டும். மூட்டைகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காமல், பலகைமேல், காற்றோட்டமாக அடுக்குதல் வேண்டும். முதலில் வந்தது முதலில் செலவாக வேண்டும். புது மூட்டைகளைப் பழையவற்றின் முன்னே இறக்கிவிட்டுச் செல்லும் வழக்கத்தைப் பல கிடங்குகளில் காண்கிறோம். பின்வரிசையில் ஓராண்டுப் பழைய சரக்கு ஓசையின்றிக் கெட்டுக்கொண்டிருக்கும்.

கொள்முதலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "குறைந்த விலைப்புள்ளியை ஏற்பதுதானே விதி? அதிக விலைக்கு வாங்கினால் தணிக்கையில் கேட்பார்களே?" என்று நிர்வாகக் குழுவினர் அஞ்சுவது இயற்கை. விதியின் கருத்து, ஒரே தரமுள்ள சரக்குகளுள் குறைந்த விலையுடையதை ஏற்க வேண்டும் என்பதே. தரம் இன்னதென்று விலைப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் அச்சத்துக்கு இடமில்லை. ஈரப்பதம் இவ்வளவு, புரதம் இவ்வளவு, மணல் இவ்வளவுக்கு மேற்படாது, அஃப்ளடாக்சின் இவ்வளவுக்கு மேற்படாது என நான்கு வரிகள் போதும். தரம் குறிப்பிடாமல் மலிவு சரக்கை வாங்கி, அங்கத்தினரின் கோழிகள் மாண்ட பின் தீர்மானப் புத்தகத்தில் விளக்கம் எழுதுவதைக் காட்டிலும், தரம் குறிப்பிட்டு வாங்குவது எந்தத் தணிக்கையாளருக்கும் உவப்பானதே.

பரிசோதனைக்கு வசதி நம் மாநிலத்திலேயே உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தீவனப் பகுப்பாய்வுக் கூடம் நாமக்கல்லில் இயங்குகின்றது. ஆனால் மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். நஞ்சு சரக்கு முழுதும் சமமாகப் பரவியிராது. ஒரு மூட்டையில் நிறைந்தும் அடுத்த மூட்டையில் இல்லாமலும் இருக்கும். மேல்மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பினால் வரும் அறிக்கை அந்தப் பிடிக்கு மட்டுமே பொருந்தும். பல மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பகுத்துக் குறைத்து, அதில் ஒரு பங்கை அனுப்புவதே முறை.

முட்டை ஓடும் எலும்பும்

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்ஷியம் உண்டு. முட்டைக்கோழி இதனை ஏறக்குறைய நாள்தோறும் கொடுத்தாக வேண்டும். தீவனத்தில் போதாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எலும்பு மெலிந்து, கால் மடங்கி, கடைசியில் படுத்த படுக்கையாகிவிடும். ஓடு மெலிந்த முட்டையைக் கண்டு கோழியை வைவோர் உளர். அந்தக் கோழி தன் எலும்பைக் கரைத்து அவ்வோட்டைத் தந்திருக்கின்றது.

முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு 3.5 முதல் 4 பங்கு கால்ஷியம் வேண்டும் என்பது ஆராய்ச்சியின் முடிவு. அளவைப் போலவே வேளையும் உருவமும் முக்கியம். ஓடு உருவாவதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகின்றது. அதில் பெரும்பகுதி, கோழி இரை எடுக்காத இராக்காலத்தில் நிகழ்கின்றது. மாவாய் அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் குடலைக் கடந்துவிடும். சிறு கற்களாய் உடைத்த கிளிஞ்சலோ அரைவைப்பையில் தங்கி, இரவு முழுதும் சிறிது சிறிதாகக் கரைந்து உதவும். ஆகவே பிற்பகலில் தனித்தட்டில் உடைத்த கிளிஞ்சலை வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். செலவு மிகச் சொற்பம்.

இதனைப் படித்துவிட்டு குஞ்சுகளுக்கும் கிளிஞ்சலை வாரி வழங்கலாகாது. முட்டையிடாத இளங்கோழிக்கு ஒரு பங்கு கால்ஷியம் போதும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போட்டால் சிறுநீரகம் கெட்டு மாளும். ஒரே மூட்டையிலிருந்து தாய்க்கும் குஞ்சுக்கும் போடும் வழக்கம் சிறு வளர்ப்போரிடம் மிகுதியாய் இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

பன்றி வளர்ப்போர் கவனிக்க

பன்றிக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும் என்பது பொதுவான எண்ணம். அது தவறு. அதன் வயிறும் குடலும் பெருமளவு மனிதருடையவற்றை ஒத்தவை.

பிறந்த பன்றிக்குட்டியின் உடலில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புச்சத்தே இருக்கும். விரைந்து வளரும் குட்டிக்கு நாள் ஒன்றுக்கு 7 மில்லிகிராம் தேவை. தாய்ப்பாலில் கிடைப்பதோ ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். தாய்க்கு எவ்வளவு இரும்புச்சத்து ஊட்டினாலும் பாலில் அது கூடுவதில்லை. மண் தரையில் வளர்ந்த காலத்தில் குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்று இக்குறையைத் தீர்த்துக்கொண்டன. சிமெண்டுத் தரை வந்தபின், சுத்தம் கூடிற்று, சோகையும் கூடிற்று. இரண்டு மூன்று வாரங்களில் குட்டிகள் வெளிறி, மூச்சு வாங்கி, சில திடீரென்று இறக்கும். இச்சோகைக்கு இரும்புச்சத்துக் குறைவே காரணம் என்பதை ஸ்காட்லாந்தில் மக்கவனும் கிரைட்டனும் 1923இல் காட்டினர். பிறந்த மூன்றாம் நாளையொட்டி 200 மில்லிகிராம் இரும்புச்சத்தை ஒரே ஊசியாகப் போடுவது இன்று உலகெங்கும் வழக்கம். கால்நடை மருத்துவரைக் கேட்டு இதனைச் செய்துகொள்ளாதிருப்பதற்கு நியாயமே இல்லை.

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி மலிவாய்க் கிடைக்கின்றது. மாவுச்சத்துக்கு அது நன்று; புரதம் அநேகமாய் இல்லை. மேலும் மரவள்ளியில், முக்கியமாய்த் தோலிலும் இலையிலும், சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. நறுக்கி வெயிலில் நன்றாய் உலர்த்தினால் பெரும்பகுதி நீங்கும். மிஞ்சியதை உடல் தானே முறித்துக்கொள்ளும். அதற்கு மெத்தியோனின் போன்ற கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் செலவாகும். ஆகவே திப்பியை மட்டும் போட்டுப் பன்றி வளர்க்க முயல்வது, புரதம் குறைந்த தீவனத்தில் புரதச் செலவையும் கூட்டுவதாகும். பிண்ணாக்கோ சோயாவோ கருவாட்டுத் தூளோ சேர்த்தாக வேண்டும்.

கருவாடு என்றதும் உப்பு நினைவுக்கு வருகின்றது. உப்பு மிகுந்த தீனியைப் போட்டு, குடிக்கத் தண்ணீர் குறைந்தால் பன்றிக்கு மூளை வீங்கி வலிப்பு வரும். அத்தறுவாயில் ஒரேயடியாய் நிறையத் தண்ணீர் காட்டுவதும் ஆபத்து. சிறிது சிறிதாகவே கொடுத்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஓட்டல் மிச்சத்தைப் போடுவோர் அதனை நன்றாய்க் கொதிக்க வைத்தே போட வேண்டும். 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குப் புதியது. அதற்குச் சிகிச்சை இல்லை. கிருமி பதனிட்ட இறைச்சியிலும் நெடுநாள் உயிரோடிருக்கும். எச்சில் தீனி வாயிலாகப் பரவுவது அதன் முக்கிய வழிகளுள் ஒன்று. விறகுச் செலவை எண்ணிக் கொதிக்க வைக்காமல் விடுவோர், தம் கொட்டகையை மட்டுமன்றி ஊரிலுள்ள எல்லாக் கொட்டகைகளையும் பணயம் வைக்கின்றனர்.

டென்மார்க் கூட்டுறவாளர் செய்தது

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டாக்ஸ்டட், ஜூக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், ஆன்டிபயாடிக் மருந்தைச் சிறிதளவு தீவனத்தில் கலந்தால் குஞ்சுகள் விரைந்து வளர்வதை வெளியிட்டனர். விரைவில் உலகெங்கும் கோழி, பன்றித் தீவனங்களில் மருந்து கலக்கலாயிற்று. நோயில்லாத பிராணிக்கு நாள்தோறும் மருந்து! இதன் விளைவாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றிப் பெருகின. அவை கொட்டகையோடு நில்லாமல் மனிதரையும் வந்தடைந்தன.

டென்மார்க் நாட்டின் பன்றித் தொழில் கூட்டுறவிலே பிறந்தது. 1882இல் அங்கே முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பாலை அங்கத்தினரே திரும்பப் பெற்றுப் பன்றிகளுக்கு ஊட்டினர். 1887இல் ஹோர்சன்ஸ் என்ற ஊரில் முதல் கூட்டுறவுப் பன்றி இறைச்சிச் சாலை அமைந்தது. இவ்வாறு நூறாண்டுகளுக்கு மேல் ஒன்றுபட்டுத் தொழில் செய்தவர்களாதலால், மருந்துப் பிரச்சினையிலும் அவர்கள் ஒன்றாய்ச் செயற்பட முடிந்தது. 1995இல் அவோபார்சின் என்னும் மருந்தை அந்நாட்டரசு தடை செய்தது. 1998இல் வளர்ந்த பன்றிகளுக்கும், 1999 முடிவுக்குள் குட்டிகளுக்கும், வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை வளர்ப்போரே நிறுத்திக்கொண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே தடைக்கு வந்தது 2006இலேதான்.

நிறுத்தியவுடன் எல்லாம் சுகமாய் முடிந்துவிடவில்லை. பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடிற்று. அதற்குச் சிகிச்சை மருந்தும் கூடிற்று. அங்கேதான் தீவன ஆராய்ச்சி கைகொடுத்தது. பால் மறந்த குட்டியின் வயிற்றில் அமிலம் போதிய அளவு சுரப்பதில்லை. தீவனத்தில் புரதம் மிகுந்தால் அது செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, கழிச்சல் கிருமிகளுக்கு விருந்தாகின்றது. ஆதலால் மொத்தப் புரதத்தைக் குறைத்து, லைசின், திரியோனின் முதலிய அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்தால், வளர்ச்சி கெடாமல் கழிச்சல் குறைகின்றது. தாயிடமிருந்து குட்டிகளை அவசரமாய்ப் பிரிக்காதிருப்பதும் உதவுகின்றது. குறைந்தது 28 நாட்கள் பாலூட்ட வேண்டும் என்பது ஐரோப்பியப் பொதுவிதி. கழிச்சலைத் தடுக்கத் துத்தநாக ஆக்சைடை மிகுதியாய்க் கலக்கும் வழக்கமும் மண்ணைக் கெடுப்பதாலும் கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலை வளர்ப்பதாலும் 2022 ஜூனில் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது.

பலன் யாது? டென்மார்க்கில் 1992இல் உற்பத்தியான பன்றிகள் 1 கோடியே 84 லட்சம். 2008இல் 2 கோடியே 71 லட்சம். அதே காலத்தில், உற்பத்தியான ஒவ்வொரு கிலோவுக்கும் செலவான ஆன்டிபயாடிக் 100.4 மில்லிகிராமிலிருந்து 48.9 மில்லிகிராமாகக் குறைந்தது. மருந்தின்றித் தொழில் நசித்துவிடும் என்றோர்க்கு இவ்விலக்கங்களே விடை.

நம் நாட்டிலும் 2019இல் கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கென வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மனிதருக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாய்க் கையாளும் மருந்து அது. தீவனத்தோடு 'வளர்ச்சி மருந்து' என்று ஏதேனும் பொட்டலம் விற்பனைக்கு வந்தால், அதில் என்ன உள்ளதென்று எழுத்து மூலம் கேட்டறியாமல் எந்தச் சங்கமும் கிடங்கில் ஏற்றலாகாது.

பசியும் கொத்தலும்

நோயின்மை ஒன்றே நலமாகாது. பிராணி பசியாலும் சலிப்பாலும் துன்புறாதிருக்கவும் வேண்டும். சினைப்பன்றி கொழுத்துவிடாதிருக்கத் தீனியை அளந்து போடுகிறோம். சத்து போதும், வயிறு நிறையாது. அதனால் அது கம்பியைக் கடித்தும் வெறுவாய் மென்றும் நாளைக் கழிக்கின்றது. நார் மிகுந்த கீரை, வைக்கோல், புல் ஆகியவற்றைச் சேர்த்தால் சத்தைக் கூட்டாமலே வயிறு நிறைந்து அமைதியடைகின்றது. ஐரோப்பிய விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. நம் ஊரில் வேலியோரத்துக் கீரைக்கு விலை கூட இல்லை.

கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்குவதற்கும் தீவனம் ஒரு காரணம். மெத்தியோனின், உப்பு, நார் இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கொத்தல் மிகும். குருணைத் தீவனத்தைக் கோழி சில நிமிடங்களில் விழுங்கிவிட்டு வேலையின்றி நிற்கும். மாவுத் தீவனம் உண்ண நேரம் பிடிப்பதால் கொத்தல் குறைவு. கீரைக் கட்டை எட்டும் உயரத்தில் தொங்கவிடுவது பழைய உபாயமாயினும் ஆராய்ச்சியும் அதை ஆதரிக்கின்றது. மூக்கை வெட்டுமுன் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

வேண்டியதற்கு மேல் புரதம் போடுவதும் கெடுதலே. உடல் ஏற்காத புரதம் எச்சத்தில் நைட்ரஜனாய்ப் போய், ஆழ்கூளத்தில் அம்மோனியாவாகி, கண்ணை எரிக்கும், பாதத்தைப் புண்ணாக்கும். கொட்டகையில் நுழைந்ததும் நம் கண் கரித்தால், அதற்குள்ளேயே வாழும் கோழியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டு நெசவாளர் உள்ள சங்கங்களுக்கு ஒரு குறிப்பு. பட்டு நூற்பில் மிஞ்சும் கூட்டுப்புழுவை உலர்த்தினால் அதில் பாதியளவு புரதமே. மீன்தூளுக்குப் பதிலாய் ஓரளவு சேர்க்கலாம். ஆனால் எண்ணெய் மிகுந்திருப்பதால் விரைவில் காறி, முட்டையிலும் இறைச்சியிலும் வாடை வரும். எண்ணெய் நீக்கிய தூளே உகந்தது.

கடைசியாக, பதிவேட்டைப் பற்றி. தீவனம் கொள்முதல் செய்யும் ஒவ்வொரு சங்கமும் இருப்புப் பதிவேட்டில் நான்கு பத்திகள் கூடுதலாய் இழுத்துக்கொள்வது நலம்: சரக்கு வந்த நாளும் விற்றவரும், அன்று கண்ட ஈரப்பதம், மாதிரி அனுப்பிய நாளும் முடிவும், எந்த அங்கத்தினருக்கு எந்த வரிசை மூட்டை போயிற்று என்பது. அங்கத்தினரும் தம் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில், மூட்டை பிரித்த நாள், அன்றாட முட்டை எண்ணிக்கை, இறப்பு, மருந்துச் செலவு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வரட்டும். கோழிகள் மாளத் தொடங்கினால், அந்தப் பக்கத்தோடு, மூட்டையில் மிஞ்சிய தீவனத்தில் ஒரு கிலோவையும் காகிதப் பையிலிட்டுச் சங்கத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஈரம் கட்டும் பிளாஸ்டிக் பை வேண்டாம். வழியிலேயே பூசணம் பிடித்துவிடும்.